ஸ்டெப்னி குழியில் ஒரு குளம்

போன கார்த்திகையில், மூன்று நாள் அடைமழை ஓய்ந்த மறுநாள் காலை. வேளச்சேரி பக்கம் ஒரு சிக்னலில் பிரேக்கை மிதித்ததும் முதுகுக்குப் பின்னாலிருந்து 'சளக்' என்று ஒரு சத்தம். பச்சை விழுந்து வண்டியை எடுத்ததும் இன்னொரு 'சளக்'. யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டில் உருளுகிறது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்தால் பாட்டிலும் இல்லை, ஈரமும் இல்லை. மேட் தொட்டுப் பார்க்கச் சற்றே சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். அதைச் சுருட்டி, அடியிலிருந்த அட்டைப் பலகையையும் தூக்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஸ்டெப்னி டயர் பாதிக்கு மேல் முங்கிக் கிடந்தது. ஜாக்கியின் திருகு செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. குளியலறை மக்கை எடுத்துவந்து மொண்டு ஊற்றினேன். ஏறக்குறைய ஆறு லிட்டர்.

டிக்கி, ஸ்டெப்னி இரண்டுமே சீமையிலிருந்து வந்த சொற்கள். ஆதிகாலக் கார்களில் பின்புற மூடியைத் திறந்தால் மடக்கு இருக்கை ஒன்று இருக்கும். மேலே கூரை கிடையாது. அதற்கு டிக்கி சீட் என்று பெயர். இருக்கை போய் அந்த இடம் சாமான் வைக்கும் அறையான பிறகும் பெயரை நாம் விடவில்லை. ஸ்டெப்னி என்பது வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் உள்ள ஒரு தெரு. 1904இல் அங்கே பட்டறை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்து மாட்டிக்கொள்ளும் உபரிச் சக்கரம் ஒன்றைச் செய்து, தெருவின் பெயரையே அதற்கு வைத்து விற்றார்கள். அந்தக் காலத்தில் டிக்கியில் உட்கார்ந்த ஆள் மழையில் நனைந்தார். நூறு வருஷ முன்னேற்றத்துக்குப் பிறகு ஸ்டெப்னி நனைகிறது.

வழக்கமாக வண்டி விடும் இடத்தில் கேட்டேன். "ஏசி போட்டு ஓட்டுறீங்கல்ல சார், உள்ள வேர்த்திருக்கும்" என்றார் கவுண்டரில் இருந்தவர். இந்தப் பதிலை ஒரு சின்னக் கணக்கு போட்டே தள்ளிவிடலாம். முப்பது டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதையே 20 டிகிரிக்குக் குளிர்வித்தால் 17 கிராம்தான் தாங்கும். மீதி 13 கிராம் வியர்வையாக வெளியே வந்தாக வேண்டும். என் கார் டிக்கியின் கொள்ளளவு சுமார் 400 லிட்டர், அதாவது 0.4 கன மீட்டர். ஆக அந்தக் காற்று முழுவதும் வேர்த்துக் கொட்டினாலும் கிடைப்பது ஐந்து கிராம். ஒரு தேக்கரண்டி. ஆறு லிட்டர் சேர டிக்கி ஆயிரத்து இருநூறு முறை புதுக் காற்றை இழுத்து வேர்த்திருக்க வேண்டும். டெயில் லைட் கண்ணாடிக்குள் மழைக்காலத்தில் படியும் மெல்லிய பனிப்படலம் வேர்வை. குளமாக நிற்பது வேர்வையில்லை.

இன்னொரு கணக்கும் போட்டேன். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். கார் கூரையும் பின்கண்ணாடியும் சேர்ந்து சுமார் மூன்று சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டர் மழைக்கு 300 லிட்டர் அந்த வழியாக இறங்கிப் போகிறது. அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு வழி தவறினால் போதும், ஆறு லிட்டர். இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு என்று விழுந்தாலே ஒரு நாளில் இரண்டு லிட்டருக்கு மேல் சேர்ந்துவிடும். டிக்கிக்குள் அருவி கொட்ட வேண்டிய அவசியமே இல்லை. சொட்டு போதும், பொறுமையான சொட்டு.

கார் என்றால் தண்ணீர் புகாத டப்பா என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டிக்கி மூடியைத் திறந்து ஓரத்தை உற்றுப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். மூடிக்கும் உடலுக்கும் நடுவே சுற்றிலும் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. ஓட்டு வீட்டில் இரண்டு கூரைகள் சேரும் இடத்தில் தகரப் பீலி போட்டிருப்பார்களே, அதே வேலைதான் இதற்கும். பின்கண்ணாடியில் வழியும் மழை மூடியின் இடுக்கு வழியாக இந்த வாய்க்காலுக்குள் தாராளமாக விழுகிறது, விழவேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். வாய்க்காலின் உட்கரையாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு தகர விளிம்பு நிற்கும். அதன் தலையில் மாட்டியிருக்கும் ரப்பர் குழாயைத்தான் பட்டறையில் பீடிங் என்கிறார்கள். மழைநீர் பீடிங்கைத் தொடாமலேயே வாய்க்காலோடு போய் பம்பருக்குப் பின்னால் இறங்கிவிடுவதுதான் நல்ல நாளின் கதை. கதவுகளும் அப்படியே. கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகக் கதவுக்குள் தண்ணீர் போகிறது, கதவின் அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேறுகிறது. ஆக காரை உருவாக்கியவர்கள் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவதில் பெரிய நம்பிக்கை வைக்கவில்லை. உள்ளே விட்டு, தடம் போட்டுக் கொடுத்து, வெளியே அனுப்புகிறார்கள். டிக்கிக்குள் நின்ற குளம் அந்தத் தடங்களில் ஏதோ ஒன்று உடைந்ததன் அடையாளம்.

ஸ்டெப்னி குழியின் அடியில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். மழைநீர் வடியத்தான் அதை வைத்திருக்கிறார்கள் என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் அது பிறக்கும்போதே வந்த தொப்புள். ஆலையில் காரின் உடலை முழுசாக ஒரு பெயின்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலை முடுக்கெல்லாம் அடிப்பூச்சு ஏற்றுவார்கள். தொட்டியிலிருந்து தூக்கும்போது உள்ளே தேங்கும் பெயின்ட் வடிய வேண்டும் என்பதற்காகத் தரையில் அங்கங்கே துளைகள் விடுவார்கள். வடிந்து முடிந்ததும் துளைகளை மூடியால் அடைத்துவிடுவார்கள். அவசரத்துக்கு அந்த மூடியைப் பிடுங்கித் தண்ணீரை இறக்கலாம். நானும் இறக்கினேன். ஆனால் அப்படியே திறந்துபோட்டுவிட்டு ஓட்டக்கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் செலவு எல்லோரையும் போல எனக்கும் பீடிங்தான். "பீடிங் போயிடுச்சு சார், மாத்திட்டா செட் ஆயிடும்" என்றான் இளவட்ட மெக்கானிக். அவன் சொன்னதில் அறிவியல் இல்லாமலில்லை. பீடிங் செய்யும் ரப்பருக்கு இ.பி.டி.எம் என்று பெயர். வெயிலையும் ஓசோனையும் சாதாரண ரப்பரைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் வருஷக்கணக்காக ஒரே இடத்தில் அழுத்திவைத்தால் அதுவும் படிந்துபோகும். ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கட்டிவைத்திருக்கும் முடிச்சுகளில் சில, வெயில் சூட்டில் அவிழ்ந்து, நசுங்கிய நிலையிலேயே மறுபடி முடிந்துகொள்கின்றன. பிறகு மூடியைத் திறந்தாலும் ரப்பர் பழைய உருண்டை வடிவத்துக்குத் திரும்புவதில்லை. நசுங்கின தலையணை மாதிரி கிடக்கும்.

பீடிங் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் காசு செலவில்லாத வழி உண்டு. சாக்பீஸை பீடிங் முழுக்கத் தேய்த்துவிட்டு மூடியைச் சாத்தித் திறந்தால், மூடியின் உட்புறத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். கோடு எங்கே விட்டுப்போயிருக்கிறதோ அங்கே தொடுகை இல்லை. இல்லையென்றால் ஒரு துண்டுத் தாளை வைத்து மூடியைச் சாத்தி இழுத்துப் பார்க்கலாம். பிடித்துக்கொண்டு வந்தால் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் கோளாறு. இந்தச் சோதனையை நான் பீடிங் மாற்றிய பிறகுதான் செய்தேன் என்பது வேறு விஷயம். பழைய பீடிங்கைக் குப்பையிலிருந்து எடுத்துப் பொருத்திப் பார்த்தபோது கோடு முழுசாகவே விழுந்தது.

புது பீடிங்கோடு அடுத்த மழைக்குப் பிறகு மறுபடி நாலு லிட்டர்.

தண்ணீர் எப்படி நடக்கிறது என்று தெரியாமல் இந்த வேட்டையில் இறங்குவது வீண். ஈர்ப்புவிசைக்குக் கட்டுப்பட்டு நேராகக் கீழே விழும் என்ற நம் நினைப்பு கொட்டும் தண்ணீருக்குத்தான் பொருந்தும். கசியும் தண்ணீர் வேறு சாதி. செம்பிலிருந்து பாலை மெதுவாகச் சாய்த்து ஊற்றிப் பாருங்கள். டம்ளரில் விழாமல் செம்பின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு இறங்கி உங்கள் கைக்கு வரும். வேகமாகச் சாய்த்தால் வராது. இதற்கு 1956இல் மார்கஸ் ரைனர் என்ற இஸ்ரேலிய விஞ்ஞானி தேநீர்க்கெண்டி விளைவு என்று பெயர் வைத்தார். அதன் கணிதத்தை ஆராய்ந்த ஜோசப் கெல்லரும் அவருடைய சகாவும், சொட்டாத கெண்டி மூக்கைக் கணக்கிட்டதற்காக 1999இல் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் 'இக் நோபல்' பரிசைப் பெற்றார்கள். நம் கொத்தனார்கள் பரிசு எதையும் எதிர்பார்க்காமல் சன்ஷேடின் அடிப்புறத்தில் ஓரமாக ஒரு சிறு பள்ளம் இழுத்துவிடுவார்கள். அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு சுவரை நோக்கி ஊரும் தண்ணீர் அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். காருக்குள் அந்தப் பள்ளம் இல்லை. ஒரு துளை வழியாக நுழைந்த நீர் தகரத்தின் அடிப்பக்கமாக, ஒயர் கட்டின் மேலாக, ஒரு முழம் இரண்டு முழம் நடந்துபோய் வேறெங்கோ சொட்டும். நனைந்த இடம் ஒன்று, நுழைந்த இடம் ஒன்று.

இதைவிட மோசமானது இடுக்கு. காரின் உடல் தகரங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்தது. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. நன்றாக நனையும் இரண்டு பரப்புகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் தண்ணீர் தானாக ஒன்றரை சென்டிமீட்டர் மேலே ஏறும். இடைவெளி ஒரு தாளின் தடிமன் அளவுக்கு, 0.1 மில்லிமீட்டருக்குக் குறுகினால் 15 சென்டிமீட்டர் ஏறும். இடுக்கு குறுகக் குறுக நீர் உயர உயரப் போகும். ஆனால் ஏறிய தண்ணீர் உச்சியிலிருந்து தானாகக் கொட்டாது. கொட்ட வேண்டுமானால் மறுபுறம் வாசல், நீர் நிற்கும் மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். வாளி விளிம்பில் ஈரத் துணியைப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகத் தொங்கவிட்டு ராத்திரி படுத்தால், காலையில் வெளியே தரையெல்லாம் நனைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணி விளக்குத் திரியாக வேலை செய்து நீரை விளிம்பு தாண்டி இறக்கிவிட்டது. டிக்கியின் தரையோ வாய்க்காலைவிட எப்போதும் தாழ்வு. அதனால் பீடிங்கின் குறுக்கே சிக்கிய ஒரு வேப்பங்குச்சியும் ஒரு நூல் பிசிறும்கூடத் திரியாகலாம். தகரச் சேர்க்கையின்மேல் ஆலையில் போட்ட ரப்பர்ப் பசை வெடித்திருந்தால் அந்த இடுக்கே திரி.

ரப்பரைப் பொறுத்தவரை இதே விதி நம் பக்கம் நிற்கிறது. ரப்பரில் நீர் ஒட்டாது, உருண்டு நிற்கும். ஒட்டாத இடுக்கு நீரை இழுக்காமல் தள்ளும். அதனால் கொஞ்சம் தொய்ந்த பீடிங்கும் சாதாரண மழையைத் தாங்கிவிடும். சோப்புத் தண்ணீர் ரப்பரிலும் படர்ந்து ஒட்டும் என்பதால் அங்கே தோற்கும். வாட்டர் சர்வீஸ் விட்ட அன்றைக்கு மட்டும் ஒழுகும் கார்களின் மர்மத்தில் பாதி இதுதான். மீதிப் பாதி அந்தப் பீச்சுத் துப்பாக்கியின் வேகம். கசிவைக் கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்தினால் நல்ல பீடிங்கும் ஒழுகிக் காட்டி நம்மை ஏமாற்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிக்கியின் உள்ளே இருந்த மேட், பக்கவாட்டு அட்டை, சத்தத்தைக் குறைக்க ஒட்டியிருந்த கம்பளித் துண்டு எல்லாவற்றையும் கழற்றி மொட்டைத் தகரமாக்கினேன். துடைத்துக் காயவிட்டு, தகரத்தின்மேல் முகப்பவுடரைத் தூவினேன். கோலமாவுதான் முதலில் கைக்கு வந்தது. "அது கல்லுமாவு, பெயின்ட்ட கீறிடும்" என்று மனைவி பறித்துக்கொண்டுபோய் பவுடர் டப்பாவைக் கொடுத்தார். பவுடர் தூவிய தகரத்தில் ஒரு சொட்டு இறங்கினாலும் தடம் விழும். பின் இருக்கையைச் சாய்த்து, அந்த வழியாக டார்ச்சோடு டிக்கிக்குள் தவழ்ந்து படுத்தேன். பின் இருக்கை சாயாத வண்டியில் இதை முயல வேண்டாம், மூடிய டிக்கிக்குள் யாரையும், முக்கியமாகக் குழந்தைகளை, விளையாட்டுக்குக்கூட விடக்கூடாது.

வெளியே ஓஸ் பைப்போடு மனைவி. மேலிருந்து ஆரம்பிக்கக்கூடாது என்பதுதான் இதில் ஒரே சட்டம். கூரையில் ஊற்றினால் தண்ணீர் எல்லா இடுக்கையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எது குற்றவாளி என்று தெரியாது. பம்பர் மட்டத்தில் ஆரம்பித்து, ஓர் இடத்தில் ஐந்து நிமிஷம், பிறகு ஒரு சாண் மேலே. துப்பாக்கி வேண்டாம், செடிக்கு ஊற்றுகிற மாதிரி வழியவிட வேண்டும்.

"என்னங்க, இன்னும் மேல போகட்டுமா?"

"இரு இரு, அங்கயே காட்டு."

நம்பர் பிளேட் விளக்கில் ஒன்றும் இல்லை. வலப்பக்க டெயில் லைட்டில் ஒன்றும் இல்லை. இடப்பக்க டெயில் லைட்டுக்கு வந்து மூன்றாவது நிமிஷம், விளக்கைத் தகரத்தோடு பிடித்திருக்கும் கீழ் போல்ட்டின் நுனியில் ஒரு முத்து திரண்டது. டார்ச் வெளிச்சத்தில் கடுகு அளவு. வளர்ந்து மிளகு ஆனது. விழவில்லை. போல்ட்டின் அடிப்பக்கமாக நழுவித் தகரத்தைத் தொட்டு, பவுடரில் கருப்பாக ஒரு கோடு கீறிக்கொண்டு இறங்கியது. அந்தக் கோட்டின் அடியில், பவுடருக்கும் கீழே, பழைய கோடு ஒன்று இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஆறிய தேநீர் கோப்பையின் விளிம்பில் படியும் கறை மாதிரி, மெல்லிய பழுப்பு. எத்தனை மழைகளின் புழுதி அது. அங்கிருந்து சக்கர வளைவின் முதுகில் ஏறி, பின்னால் மறைந்து, ஸ்டெப்னி குழிக்குள் இறங்கியிருந்தது. கம்பளித் துண்டு அதன்மேல் மூடி இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. துண்டைக் கழற்றியபோதே உற்றுப் பார்த்திருந்தால் பைப்பே தேவைப்பட்டிருக்காது.

தடம் பார்க்கும் இந்தத் தொழிலுக்குப் பெரிய முன்னோடிகள் உண்டு. ஜெர்மனியில் டான்யூப் நதி இம்மெண்டிங்கன் அருகே கோடையில் தரைக்குள் புகுந்து காணாமல் போகும். சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி ஆஹ் என்ற ஊற்று பீறிடுகிறது. இரண்டும் ஒரே தண்ணீரா என்று 1877இல் அடால்ஃப் க்னோப் என்ற நிலவியலாளர் சோதித்தார். நதி புகும் துளையில் உப்பும் எண்ணெயும் 10 கிலோ ஃப்ளூரசீன் சாயமும் கொட்டினார். சுமார் 60 மணி நேரத்தில் ஊற்று பச்சையாக ஒளிர்ந்துகொண்டு வெளிவந்தது. இன்றும் பட்டறைகளில் கசிவு பார்க்க ஒளிர்சாயமும் புறஊதா டார்ச்சும் வைத்திருப்பார்கள். ரூபாய் நோட்டு சோதிக்கும் விளக்கு இருந்தால் வீட்டிலும் செய்யலாம். துணி துவைக்கும் பவுடரில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் அந்த விளக்கில் நீலமாக ஒளிரும். சந்தேகப்படும் இடுக்கில் அந்தக் கரைசலை ஊற்றிவிட்டு இருட்டில் உள்ளே அடித்துப் பார்க்க வேண்டியதுதான். ஒருமுறை முயன்றேன். டிக்கியைவிட என் வேட்டி அதிகமாக ஒளிர்ந்தது.

துணைக்கு ஆள் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, தலைகீழ் வழி. எல்லாக் கதவுகளையும் சாத்தி, ஏசி ஊதியை முழு வேகத்தில் வெளிக்காற்று இழுக்கும் நிலையில் வைத்தால் காருக்குள் காற்றழுத்தம் லேசாகக் கூடும். வெளியே பீடிங் ஓரங்களிலும் விளக்கு ஓரங்களிலும் சோப்பு நுரைத் தண்ணீர் தெளித்தால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி விடும். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பதன் தம்பிதான் இது.

டெயில் லைட்டைக் கழற்றினால் அதன் பின்னால் இருந்த நுரை பேக்கிங் அப்பளம் மாதிரி தட்டையாகிக் கிடந்தது. அதைத் தனியாக வாங்கப் புதுப்பேட்டையில் அலைந்தேன். விளக்கோடு சேர்த்துத்தான் கிடைக்கும் என்றார்கள். மெக்கானிக் சிலிக்கான் டியூபைக் கையில் எடுத்தான். மூடியைத் திறந்ததும் காடி நெடி அடித்தது. அந்த நெடிதான் எச்சரிக்கை. இந்த வகை சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். பெயின்ட் உரிந்த வெறும் தகரத்தில் பட்டால் துருவுக்கு அழைப்பு வைத்த மாதிரி. மேலும் சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயின்ட் ஒட்டவே ஒட்டாது, டிங்கர் வேலை செய்பவர்கள் அதைப் பார்த்தாலே திட்டுவார்கள். நெடி இல்லாத வகை உண்டு. அதைவிட நல்லது ப்யூட்டைல் டேப். கறுப்புப் பிசின் மாதிரி இருக்கும், எத்தனை வருஷமானாலும் முழுசாக இறுகாது, நாளைக்கு பல்ப் மாற்ற விளக்கைக் கழற்றினாலும் இழுபட்டு வந்துவிடும். போல்ட்டுகளைச் சுற்றி அதை வைத்து முடுக்கினேன். கையால் பிசைந்து ஒட்டும் எபாக்ஸி பசையைப் பலரும் தகரச் சேர்க்கைகளில் அப்புகிறார்கள். அது கல்லாக இறுகும். கார் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் உடல் துளி முறுக்கிக்கொள்ளும், கல் வெடித்துவிடும். அங்கே வேண்டியது இறுகிய பிறகும் வளைந்துகொடுக்கும் பாலியூரிதேன் பசை.

பசையை எங்கே வைக்கக்கூடாது என்பது இன்னும் முக்கியம். வாய்க்கால் வடியும் மூலையில் ஈரம் தெரிகிறதென்று அங்கேயே பசையை அப்பி அடைத்த கார்களைப் பார்த்திருக்கிறேன். மதகை அடைத்தால் ஏரி கரை புரளத்தான் செய்யும். அதேபோல பீடிங்குக்கு மெருகு ஏற்றுகிறேன் என்று கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவுவதும் கூடாது, இந்த ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். சோப்புத் துணியால் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் துளி தடவினால் போதும்.

மூன்று வாரம் டிக்கி வறண்டு கிடந்தது. இரண்டு நல்ல மழையையும் தாங்கியது. பிறகு திண்டிவனம் வரை மழையில் போய்த் திரும்பினோம். வீட்டு வாசலில் வழக்கமான 'சளக்' கேட்டது. அளந்தேன், ஒரு லிட்டர்.

நிற்கும்போது ஒழுகாமல் ஓடும்போது மட்டும் ஒழுகுகிறது. இதைத்தான் ஷெட்டில் இருந்த வயதான டிங்கரிடம் சொன்னேன். அவர் டிக்கியைத் திறந்து பார்க்கவே இல்லை. பின் கதவை ஓங்கிச் சாத்தினார். "காதுல 'டப்'னு அடைச்சுதா சார்?" அடைத்தது. "அடைக்கக் கூடாது. காத்து போற வழி ஒண்ணு இருக்கு. பம்பர கழட்டுவோம்."

எல்லாக் கண்ணாடியும் ஏற்றிய காரில் கதவைச் சாத்தும்போது உள்ளே அகப்படும் காற்று வெளியேற வேண்டும். ஏசி உள்ளே தள்ளும் காற்றும் வெளியேற வேண்டும். அதற்காகப் பல கார்களில் பின் பம்பருக்குப் பின்னால், டிக்கியின் பக்கச் சுவரில், மெல்லிய ரப்பர் இதழ்கள் தொங்கும் ஒரு ஜன்னல் இருக்கிறது. உள்ளிருந்து காற்று தள்ளினால் இதழ் திறக்கும், வெளியிலிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும். இதயத்தின் வால்வு மாதிரி. என் காரில் இதழ்கள் சேறு பூசிப் பாதி ஒட்டிப்போயிருந்தன. சட்டத்தைச் சுற்றியிருந்த நுரை பேக்கிங் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. பின்சக்கரம் நெடுஞ்சாலையில் அள்ளி வீசும் தண்ணீர் பம்பருக்குள் சிதறி, அந்த ஓட்டை வழியாக நேரே உள்ளே வந்திருக்கிறது. கூரையிலிருந்து எத்தனை மணி நேரம் பைப் பிடித்தாலும் இது அகப்படாது. கார் ஆலைகளின் மழைச் சோதனைக் கூடத்தில் மேலிருந்து மட்டுமில்லாமல் பக்கத்திலிருந்தும் கீழிருந்தும் பீச்சுவது இதனால்தான்.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. நூறு கிலோமீட்டர் வேகத்தில் காரின் மூக்கில் மோதும் காற்றின் அழுத்தம் சுமார் 460 பாஸ்கல். கிட்டத்தட்ட ஐந்து சென்டிமீட்டர் நீரைத் தூக்கிப் பிடிக்கப் போதுமானது. வேகம் பாதியானால் அது கால்வாசியாகக் குறையும். காரின் பின்புறமோ இதற்கு நேரெதிர், காற்றுப் பிரிந்து சுழலும் குறையழுத்தப் பகுதி. அங்கே சுழல்வது மழைத்திவலை மட்டுமில்லை, நம் வண்டிப் புகையும்தான். ஓட்டை வழியாகத் தண்ணீர் வரலாம் என்றால் கார்பன் மோனாக்சைடும் வரலாம். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஸ்டெப்னி குழியின் மூடியைத் திறந்துபோட்டு ஓட்டக்கூடாது என்று சொன்னதும், சாமான் நீட்டிக்கொண்டிருக்கிறதென்று டிக்கியைத் திறந்தபடியே நெடுந்தூரம் போகக்கூடாது என்பதும் இதற்காகத்தான்.

பம்பர் கழற்றிய கையோடு டிங்கர் இன்னொன்றையும் காட்டினார். தகரச் சேர்க்கைமேல் ஆலையில் போட்ட பசை எப்படி ஒரே அகலத்தில், கோடு போட்ட மாதிரி ஓடுகிறது என்று. பின்னால் இடிபட்டு டிங்கரிங் பார்த்த வண்டியில் அது விரலால் மெழுகியது மாதிரி இருக்குமாம், சில இடங்களில் இருக்கவே இருக்காதாம். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. வெள்ளத்தில் முங்கிய வண்டியின் வண்டல் கோடும் பெரும்பாலும் அங்கேதான் தங்கியிருக்கும்.

புது பேக்கிங் வைத்து, இதழ்களைக் கழுவி மாட்டினோம். மேட்டையும் கம்பளியையும் இரண்டு நாள் மொட்டைமாடியில் காயப்போட்டேன். ஈரம் ஒன்றிரண்டு நாள் தங்கினாலே பூஞ்சணம் பிடிக்கும், அதன் வாடையை எந்த வாசனைப் பொம்மை தொங்கவிட்டும் மறைக்க முடியாது. இப்போது குழிக்குள் ஸ்டெப்னிக்கு அடியில் ஒரு தினசரித் தாளை விரித்துவைத்திருக்கிறேன். மழை விட்டதும் எடுத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. போன வாரம் வலது ஓரத்தில், சிறுவர் மலர் பக்கத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம் தெரிந்தது. பின்கண்ணாடியின் கீழ் விளிம்பைச் சந்தேகப்படுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மழை இல்லையென்றால் பைப்பை எடுக்க வேண்டும், பவுடர் டப்பாவை இப்போதே ஒளித்துவைத்துவிட்டார் மனைவி.